டாக்டர் பிக்கோனின் தொண்டை

புந்தா கார்ஸா,
ஜனவரி 12

அன்புள்ள ஒடாலிஸ் அக்கா,

ஆமாம், கடிதம்தான். தாள், பேனா, எழுத்துப்பிழை எல்லாமே அசல். அம்மா என் செல்போனைப் பிடுங்கி அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டாள். ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் வரை தர மாட்டாளாம். அதனால் இதைப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். மீன் பெட்டியோடு வரும், மூக்கைப் பிடித்துக்கொண்டு படி.

குற்றம் சின்னதுதான். ருஹேரோ அண்ணன் ஒலிபெருக்கி வண்டியை நம் வாசலில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். மீன் வந்தால், ஆள் செத்தால், பன்றி தொலைந்தால் ஊருக்குச் சொல்கிற அதே மூன்று சக்கர வண்டி. மைக் தனியாக இருந்தது. நானும் தனியாக இருந்தேன். "லிபார்தோ அண்ணாச்சி கடையில இன்னைக்கு மீன் இலவசம்" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அறுபது பேர் சட்டியோடு போய் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி கடையில் மீனே விற்பதில்லை என்பதைக்கூட ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இப்போது உண்மையான செய்தி. என் டாக்டர் பிரபலமாகிவிட்டார்! டிசம்பர் 28, அப்பாவிகள் தினம். நாடே ஒருவரை ஒருவர் ஏமாற்றுகிற நாள், பத்திரிகைகூடப் பொய்ச் செய்தி போட்டுச் சிரிக்கிற நாள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? நம் ஊர் 'சாபலோ' வானொலியில் எனக்குக் கொடுக்கிற பத்து நிமிடத்தில் கிழவர் குரலில் ஒரு விஞ்ஞானியாகப் பேசினேன். டாக்டர் எவாரிஸ்தோ பிக்கோன். "கடல் உசருது, பூமி சூடாகுதுங்கிறதெல்லாம் பட்டணத்துக் கட்டுக்கதை. ஆகவே… இந்த அலையாத்தி மரத்தோட வேரு இருக்கே, அதுதான் உறிஞ்சுகுழல் மாதிரி கடலை ஊருக்குள்ள இழுக்குது. மரத்தை வெட்டுங்க, கடல் தன்னால திரும்பிப் போயிடும்." நடுநடுவே இருமல். கடைசியில் எல்லாரும் அன்று சொல்கிற மாதிரி, "அப்பாவிப் புறாவே, ஏமாந்தியா!"

அந்தக் குரல் இப்போது எல்லார் போனிலும் ஓடுகிறதாம். யாரோ வெள்ளைக் கோட்டுப் போட்ட கிழவர் படம்கூட ஒட்டியிருக்கிறார்கள். நேற்று அண்ணாச்சி கடையில் இரண்டு பேர் டாக்டருக்காகச் சண்டை போட்டார்கள். நான் வாழைக்காய் வறுவலை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை விழுங்கினேன். பதினாறு வயதில் முனைவர் பட்டம் வாங்கியவள் நம் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

நீ ஏன் ஒரு மாதமாக எனக்கு ஒன்றும் அனுப்பவில்லை?

உன் தங்கை, டாக்டர்,
யாரெலிஸ்


பாரான்கியா,
ஜனவரி 20

யாரெலிஸ்,

'அன்புள்ள' என்று தொடங்க மூன்று தடவை முயன்றேன். வரவில்லை.

என் வேலை என்ன என்று உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. பரவுகிற செய்தி மெய்யா பொய்யா என்று சோதித்து எழுதும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். உன் டாக்டர் ஜனவரி 5ஆம் தேதியே என் மேசைக்கு வந்துவிட்டார். இன்றுவரை நாற்பத்தொரு பேர் அனுப்பி, "இது நிஜமா?" என்று கேட்டிருக்கிறார்கள். 'ஆகவே' என்று நீ இழுக்கிற இழுப்பு, உன் அப்பா தூக்கத்தில் பேசுவதை நடித்துக் காட்டும்போது வருகிற அதே இழுப்பு. முதல் 'ஆகவே'யிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவர்கள் அனுப்பியதில் 'அப்பாவிப் புறாவே' இல்லை. கடைசி நான்கு நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். வாலை வெட்டினால் வேடிக்கை விஷமாகிவிடும். அதற்கு உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஊரே ஏமாந்து நிற்கும்போது வறுவலைக் கடித்துக்கொண்டு பார்த்தாயே, அதற்குத்தான் சொல்கிறேன்.

மார்ச் 15 ஊர்ச்சபை கூடுகிறது. மேற்குக் கரை அலையாத்திக் காட்டை வெட்டிச் சொகுசுப் படகுகளுக்குத் துறை கட்டலாமா என்று கைதூக்கி முடிவு செய்யப் போகிறீர்கள். அந்த மரங்களுக்குப் பின்னால் இருக்கிற முதல் வீடு யாருடையது? என் சித்தி, உன் அம்மாவுடையது. நீ தூங்குகிற வீடு. மரம் போனால் அடுத்த கடல்கொந்தளிப்பு உன் கட்டிலில் வந்து படுக்கும். அந்தக் காட்டைப் பற்றி இரண்டு வருடம் அலைந்து எழுதினேன். உன் இரண்டு நிமிட இருமல் அதைத் தின்றுவிட்டது.

இன்னொன்று. எழுதுவதற்கே கூசுகிறது. பொய் எங்கே பிறந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்பது எங்கள் மேசையின் விதி. நான் பதினைந்து நாளாகச் சொல்லவில்லை. 'விசாரணையில் உள்ளது' என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ என் தங்கை என்பதால்.

ஒடாலிஸ்


புந்தா கார்ஸா,
ஜனவரி 29

மதிப்பிற்குரிய பத்திரிகையாளர் அம்மையார் அவர்களுக்கு,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கேதான் அழுதால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, அழுதது போதும் என்று எழுந்துபோனேன். கடைத்தெருவில் நின்று, "அந்த டாக்டர் நான்தான்! அது அப்பாவிகள் தின வேடிக்கை!" என்று கத்தினேன்.

என்ன நடந்தது என்று நினைக்கிறாய்?

"போடி! அன்னைக்கு இலவச மீனுன்ன. இன்னைக்கு டாக்டர் நான்தாங்கிற. நாளைக்கு மேயர் நான்தாங்குவ" என்றார் நண்டு விற்கிற எனெய்தா அக்கா.

"அவருக்குப் படம் இருக்கு, பாத்தியா? கண்ணாடி போட்டிருக்காரு. உன்கிட்ட என்ன இருக்கு?" என்றார் லிபார்தோ அண்ணாச்சி. படகுத்துறைக் கம்பெனிக்கு ஊரில் ஆள் சேர்க்கிறவர் அவர்தான், உனக்குத் தெரியுமே.

பொய் சொன்னபோது அறுபது பேர் சட்டியோடு வந்தார்கள். மெய் சொன்னபோது ஒரு கரண்டிகூட வரவில்லை.

அதோடு விட்டேனா? ருஹேரோ அண்ணனைக் கெஞ்சி, அம்மாவைச் சாட்சி வைத்து, ஒலிபெருக்கியில் ஊரைச் சுற்றினேன். "அலையாத்தி வேர் கடலை இழுக்கிறது என்பது பொய்! வேர் கடலை இழுக்கிறது என்பது பொய்!" ஏழு தெரு, பதினெட்டு தடவை. மாலையில் எதிர்வீட்டுக் குட்டிப் பயல் பாடிக்கொண்டே போகிறான்: "வேர் கடலை இழுக்குது, வேர் கடலை இழுக்குது." 'பொய்' மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

நீ பெரிய ஆள்தானே, நீ ஏன் இன்னும் ஒன்றும் எழுதவில்லை? என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான் உனக்கு மை இருக்கிறதா?

யாரெலிஸ்
(பட்டம் பறிக்கப்பட்டது)


பாரான்கியா,
பிப்ரவரி 7

அன்புள்ள யாரெலிஸ்,

நீ கேட்டது சரிதான்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் எழுதினேன். நீளமான கட்டுரை. கடல்மட்ட அளவுகள், நான்கு நிபுணர்கள், மேலே சிவப்பு முத்திரை: 'தவறான தகவல்.' புந்தா கார்ஸாவிலிருந்து எத்தனை பேர் படித்தார்கள் தெரியுமா? ஒன்பது பேர். அதில் ஒருவர், "சேத்துல கால் வைக்காதவங்க எங்களுக்குப் பாடம் எடுக்க வர்றாங்க" என்று எழுதியிருந்தார். அந்தச் சேற்றில்தான் நான் நீந்தக் கற்றேன் என்று பதில் எழுதி, பிறகு அழித்துவிட்டேன். நீ பதினெட்டு தடவை ஒலிபெருக்கியில் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். பொய்யைத் தலைப்பில் தூக்கி வைத்தேன். மெய்யை அடியில் எங்கோ புதைத்தேன்.

ஆனால் இரண்டு விஷயம் கிடைத்திருக்கிறது. அந்தப் படத்திலிருக்கிற கிழவர் விஞ்ஞானியே இல்லை. கோட்டுப் பொத்தான் தப்பான பக்கம் இருந்தது. யாரோ படத்தை இடம் வலமாகத் திருப்பியிருக்கிறார்கள் என்று தோன்றியது. மறுபடி திருப்பிப் போட்டுத் தேடினேன். வேறொரு நாட்டில் பல்செட்டு விளம்பரத்துக்கு நின்றவர். இரண்டாவது, வால் வெட்டிய குரலை முதலில் அனுப்பியது 'நம் கரை நம் உரிமை' என்ற குழு. தொடங்கியது ஜனவரி 2. தொடங்கிய போன் எண்ணும், படகுத்துறைக் கூட்டத்துக்கு அழைத்த துண்டுச்சீட்டில் இருக்கிற எண்ணும் ஒன்று.

இதெல்லாம் என் கோப்பில் இருக்கிறது. கோப்பைப் படித்துவிட்டு ஊர்க்காரர்கள் கைதூக்கப் போவதில்லை. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை உன்னிடம் ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ஒடாலிஸ்


புந்தா கார்ஸா,
பிப்ரவரி 22

பல்செட்டா!!! அக்கா, இரண்டு நாள் சிரித்தேன்.

கார்னிவல் முடிந்து, அங்கே ஒருவர்மேல் ஒருவர் வீசுகிற மாவு உன் தலையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நடந்ததைக் கேள்.

போன வாரம் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. நவம்பர் கொந்தளிப்பில் நம் வீட்டுக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று.

"முட்டி வரைக்கும்டி!"

"கணுக்காலும்மா! என் செருப்பு மிதக்கக்கூட இல்ல."

சுவரில் உப்புக் கறை இருந்தது. கணுக்கால்தான். ஜெயித்ததை அம்மா மறக்கக் கூடாது என்று, படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டை எடுத்து அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "எங்க வீட்டுலயும் போடு, எங்களுக்கு இன்னும் கம்மி" என்றாள். அவளுக்கு அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. மூன்று நாளில் டப்பா காலி.

இப்போது கிழக்குப் பக்கத்துக்கு வருவோம். ஆறு வருடத்துக்கு முன்னால் இறால் குட்டைக்காக அலையாத்தியை வெட்டினார்களே, அந்தப் பக்கம். எனெய்தா அக்கா வீட்டில் கோடு எங்கே தெரியுமா? அவர் நெஞ்சுக்கு நேரே. அவரே தூரிகையைப் பிடுங்கிப் போட்டார். "இதுக்கும் கீழ போட்டா கொன்னுருவேன். என் தையல் மிஷினு இந்த உசரத்துலதான் முழுகுச்சு."

மேற்கே கணுக்கால், கிழக்கே நெஞ்சு. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் பெயரையே எடுக்கவில்லை. ஊரே தெருத்தெருவாக நடந்து யார் வீட்டுக் கோடு உயரம் என்று அளக்கிறது. அண்ணாச்சி கடையும் கிழக்கேதான். அவர் சுவரில் நான் போட்ட கோட்டுக்கு மேல் அன்றைக்கே வெள்ளையடித்தார். மறுநாள் காலையில் நீலம் சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. படகுப் பெயின்ட் அக்கா, உப்புத்தண்ணீருக்கே அஞ்சாது.

இனிமேல்தான் விஷயம். நேற்று ஒரு புதுக் குரல் வந்திருக்கிறது. டாக்டர் பிக்கோன் பேசுகிறார். அதே இருமல், அதே 'ஆகவே'. "சுவத்துக் கோடெல்லாம் சின்னப் பிள்ளைக விளையாட்டு. சான் ஹசிந்தோ கால்வாய்ல நானே வேரை அளந்தேன். மார்ச் 15 எல்லாரும் கையைத் தூக்குங்க."

அக்கா, சத்தியமாக அது நானில்லை. ஓட்டுநர் போனில் பிரதி ஏற்றி அனுப்புகிறேன், நீயே கேள். அதை நான் பேசவே இல்லை. என் தொண்டையைக் கேட்டேன், அதுவும் இல்லை என்கிறது. என் டாக்டர் என்னைக் கேட்காமல் தனியாக வேலைக்குப் போய்விட்டார். முதல் தடவையாக எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாகூடத் திரும்பி, "நீதானாடி?" என்று கேட்டாள்.

அது சரி, சான் ஹசிந்தோ கால்வாய் என்றால் எது? இங்கே யாருக்குமே தெரியவில்லை.

யாரெலிஸ்


பாரான்கியா,
மார்ச் 2

அன்புள்ள யாரெலிஸ்,

நீ இல்லை என்று எனக்குத் தெரியும். ஓட்டுநரிடம் நீ அனுப்பிய பிரதியை நாங்கள் பிரித்துப் பார்த்தோம். அந்த டாக்டர் மூச்சே வாங்குவதில்லை. நீ இருமினால் அடுத்த வார்த்தைக்கு முன் மூச்சிழுப்பாய். அவர் இருமிய கையோடு பேசுகிறார். உன் குரலைக் கணினிக்கு ஊட்டிப் புதிதாகச் செய்திருக்கிறார்கள். இது எங்கள் கணிப்புதான். நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்டால் தயங்குவேன்.

தயங்காமல் சொல்லக் கூடியது ஒன்று இருக்கிறது. நம் ஊர் அலையாத்திக் காட்டுக்குள் ஓடுகிற குருட்டு வாய்க்காலுக்கு 'சான் ஹசிந்தோ கால்வாய்' என்று ஒரே ஒரு இடத்தில்தான் பெயர் போட்டிருக்கிறது. அரசாங்க வரைபடத்தில் இல்லை, தேவாலயப் பதிவில் இல்லை. படகுத்துறைக் கம்பெனியின் வண்ண வரைபடத்தில் மட்டும். பணக்காரர்களுக்குக் குருடு பிடிக்காது என்று ஒரு புனிதர் பெயரை வைத்திருக்கிறார்கள். உங்கள் சேற்றை அளந்த விஞ்ஞானி, உங்கள் வாய்க்காலின் பெயரை அவர்கள் தாளிலிருந்து படித்திருக்கிறார். நீ கேட்காமல் இருந்தால் இது எனக்குத் தட்டுப்பட்டிருக்காது.

முழுவதையும் எழுதப் போகிறேன். இந்தத் தடவை உன் சுவர்களிலிருந்து தொடங்குகிறேன். பொய்யை நடுவில் ஒரே ஒரு தடவை சொல்வேன். அதை யார் வெட்டினார்கள், யாருக்கு லாபம் என்பதும் வரும். முதல் குரல் என் தங்கையுடையது, தெரிந்தும் நான் மறைத்தேன் என்பதும் வரும். ஆசிரியரிடம் நேற்று சொல்லிவிட்டேன்.

உன் பெயரைப் போட மாட்டேன். உனக்குப் பதினாறு வயது. ஊர் சும்மா விடாது. சித்தியோடு பேசிவிட்டுச் சொல்.

ஒடாலிஸ்


புந்தா கார்ஸா,
மார்ச் 5

அக்கா,

பெயரைப் போடு. முழுப் பெயர். யாரெலிஸ் பாத்தேர்னீனா மெர்காதோ. எழுத்துப்பிழை இருந்தால் உங்கள் மேசைக்கே புகார் அனுப்புவேன்.

அம்மா சொன்னது: "பேச வாய் இருந்துச்சுல்ல, நிக்கவும் கால் இருக்கட்டும்."

யா.


பாரான்கியா,
மார்ச் 10

யாரெலிஸ்,

நேற்று வெளிவந்தது. என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. இந்தச் செய்தியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சொந்தக்காரி எழுதக் கூடாது, அதுதான் நியாயம். சபைக்கு வேறொருவர் வருவார், நான் வரக் கூடாது. ஊர்ச்சபை கூடும் நாளில் ஊரில் இல்லாமல் இருப்பது இதுதான் முதல் தடவை. ஒன்று விடாமல் எழுது. கூட்டாதே.

ஒடாலிஸ்


புந்தா கார்ஸா,
மார்ச் 16

அக்கா அக்கா அக்கா,

கூட்டவில்லை. சத்தியம். கூட்டத்தையே கூட்டிச் சொல்ல வேண்டாத அளவுக்குக் கூட்டம்.

பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு முந்நூறு பேருக்கு மேல். அண்ணாச்சி பெரிய ஒலிப்பெட்டி இரண்டைக் கொண்டுவந்து டாக்டரைப் பேச விட்டார். கார்னிவலுக்கு ஆட்டம் போடுகிற பெட்டி, இருமலே இடி மாதிரி விழுந்தது. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் முன் வரிசையில் தலையாட்டினார்கள்.

பதினெட்டு ஆகாதவர்களுக்குச் சபையில் கையும் கிடையாது, வாயும் கிடையாது. பேச வேண்டுமென்றால் யாராவது தன் முறையைக் கொடுக்க வேண்டும். அம்மா எழுந்தாள். "என் முறையை என் மகளுக்குக் குடுக்கிறேன்." பின்னாலிருந்து ஒருவர், "எமில்ஸே, போனைக் குடுக்க மாட்டே, முறையைக் குடுப்பியா?" என்றார். ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே மேடை ஏறிவிட்டேன்.

டாக்டரைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "நவம்பர்ல உங்க வீட்டுக் கோடு எங்க இருக்கோ, உடம்புல அந்த இடத்துல கையை வைங்க" என்றேன். அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். மேற்குப் பக்கத்து ஆட்களெல்லாம் குனிந்து கணுக்காலைத் தொட்டார்கள். கிழக்குப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் நெஞ்சில் கை வைத்து, தேசிய கீதம் பாடுகிற மாதிரி நின்றார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினேன். "அண்ணாச்சி, டாக்டர் எங்க அளந்தாராம்?"

"சான் ஹசிந்தோ கால்வாய்ல. காதுல விழலையா?"

"அது எங்க இருக்கு?"

அண்ணாச்சி கம்பெனிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வரைபடத்தைப் பார்த்தார்கள்.

எனெய்தா அக்கா எழுந்தார். "முப்பது வருசமா இந்தத் தண்ணியில நண்டு பிடிக்கிறேன். அப்படி ஒரு கால்வாய் இல்ல."

"குருட்டு வாய்க்கால்தாங்க அது. கம்பெனி வரைபடத்துல மட்டும் அந்தப் பேரு" என்று உன் பத்திரிகையை விரித்துக் காட்டினேன். அப்புறம் தொண்டையைச் செருமினேன். "ஆகவே…"

டாக்டர் என் வாயிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி ருஹேரோ அண்ணனிடமிருந்து: "டாக்டரே, என் வண்டி டயர் அடிக்கடி பஞ்சராகுது. அதுக்கும் வேருதான் காரணமா?"

"ஆகவே… ரோட்டை வெட்டுங்க. பஞ்சர் தன்னால நின்னுடும்."

தகரம் அதிர்ந்தது அக்கா. ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கோழி ஏன் முட்டையிடவில்லை, மருமகன் ஏன் வேலைக்குப் போகவில்லை. டாக்டர் எல்லாவற்றுக்கும் எதையாவது வெட்டச் சொன்னார். கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, "இது நாடகம்! குரலை யாரு வேணா நடிக்கலாம்!" என்று கத்தினார்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்" என்றேன், என் சொந்தக் குரலில்.

அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. அடுத்து வந்ததை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. "முதல் தடவை பேசினது நான்தான். கடைசி வரியை வெட்டினது நானில்ல. ஆனா நீங்க நம்பினப்ப நான் வேடிக்கை பாத்தேன். உங்க வீட்டுல தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்திருக்கு. அதை வச்சு நான் விளையாடியிருக்கக் கூடாது. மன்னிச்சிருங்க."

யாரும் கை தட்டவில்லை. எனெய்தா அக்காதான் பேசினார். "இலவச மீனையும் சேத்து மன்னிக்கணுமா?"

"சேத்துத்தான்."

"சரி, இறங்கு. ஓட்டெடுக்கலாம்."

வெட்டலாம் என்று முப்பத்தாறு கை. வெட்டக் கூடாது என்று இருநூற்று எழுபத்தொன்று. இரண்டு தடவை எண்ணினார்கள். உங்கள் ஆளும் எண்ணினார், கேட்டுக்கொள். அம்மா இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றை இறக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி கடைசி வரை கையைத் தூக்கவே இல்லை, எதற்கும். வெளியே வரும்போது என்னிடம், "அவங்க அனுப்புனாங்க, நிஜமுன்னுதான் போட்டேன்" என்றார். நம்பலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. விசாரணையில் உள்ளது.

அதோடு வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் எனெய்தா அக்கா வாசலில் நின்று, "மேற்கைக் காப்பாத்தியாச்சு. என் பக்கம் மட்டும் மொட்டையாவே கிடக்கணுமா?" என்றார். யார் முதலில் நடந்தார்கள் என்று தெரியாது. ஊரே மேற்குக் காட்டுக்குப் போய், மரத்தடியில் விழுந்து கிடந்த அலையாத்தி விதைகளை, நீளமாகப் பச்சைப் பென்சில் மாதிரி இருக்குமே அதை, பாவாடையிலும் தொப்பியிலும் அள்ளியது. தேவாலயத்துக்குப் போட்ட சட்டையோடு கிழக்குச் சேற்றில் இறங்கி, கயிறு பிடித்து வரிசையாக நட்டோம். ருஹேரோ அண்ணன் வண்டியிலிருந்து பாட்டுப் போட்டார். அம்மா இடுப்பு வரை சேறு, தலையில் பூ. என் வரிசைதான் இருப்பதிலேயே கோணல்.

இன்று காலை உச்ச அலை வந்து வடிந்ததும் போய் எண்ணினேன். நட்டது எண்ணூற்றுப் பன்னிரண்டு. நிற்பது எண்ணூற்றுப் பன்னிரண்டு.

நம்பாவிட்டால் நீயே வந்து சரிபார்த்துக்கொள். இந்தத் தடவை செய்தி எழுத இல்லை, சேற்றில் இறங்க. அதை எந்த ஆசிரியரும் தடுக்க முடியாது.

யாரெலிஸ் பாத்தேர்னீனா மெர்காதோ